மஞ்சள் பைக்குள் ஒரு சான்றிதழ்: வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு எந்தப் பணம் எங்கிருந்து வருகிறது

மாற்றுத்திறனுள்ள குழந்தை இருக்கும் வீட்டில் ஒரு மஞ்சள் பை இருக்கும். யாரோ கல்யாணத்தில் தேங்காய் போட்டுக் கொடுத்த தாம்பூலப் பை. அதற்குள் ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், குழந்தையின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஆறு, ஸ்கேன் கவர், மங்கிப்போன ஓபி சீட்டுகள், எல்லாவற்றுக்கும் நடுவே பிளாஸ்டிக் உறையில் ஒரு சான்றிதழ். குடியாத்தத்தில் இருக்கும் என் அக்கா வீட்டில் அந்தப் பை சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. அவள் பையனுக்கு மூளை முடக்குவாதம், இப்போது 12 வயது. கீழே எழுதியிருப்பதில் பாதி, அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு அவளோடு அலைந்ததில் தெரிந்துகொண்டது.

எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "மாசம் எவ்ளோ குடுப்பாங்க?" ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. பணம் ஒரு கஜானாவிலிருந்து வருவதில்லை. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை ஒரு பக்கம், வருவாய்த்துறை ஒரு பக்கம், பள்ளிக்கல்வி, சுகாதாரம், ரயில்வே, வருமான வரி, அப்பா வேலை பார்க்கும் இடத்தின் இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) என்று தனித்தனி வாய்க்கால்கள். ஒரு வாய்க்காலில் தண்ணீர் விடுகிறவருக்கு அடுத்த வாய்க்கால் இருப்பதே தெரியாது. அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை, அவரவர் விதிப்புத்தகம் அவரவருக்கு. ஆனால் எல்லா மதகுகளையும் திறக்கும் சாவி ஒன்றுதான். அது பைக்குள் இருக்கும் அந்தச் சான்றிதழ்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அதற்கு முந்தைய 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைதான். ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தலசீமியா, ஹீமோபிலியா எல்லாம் 2016-ல்தான் பட்டியலுக்குள் வந்தன. சலுகை கேட்க வேண்டுமானால் பொதுவாகக் குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். இந்த 40 முதல் வாசல். உள்ளே போனால் இன்னும் இரண்டு வாசல்கள் உண்டு, 75 என்றும் 80 என்றும். மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகையைக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் என்ற கணக்கில் வாங்க 75 சதவீதம் வேண்டும். வருமான வரியில் பெரிய கழிவுக்கு 80 சதவீதம் வேண்டும். அதனால்தான் மருத்துவர் குழு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெற்றோர், பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டிருப்பார்கள். பிள்ளைக்குச் சதவீதம் கூடுதலாக வந்தால் சந்தோஷப்படுவதா துக்கப்படுவதா என்று தெரியாத ஒரு முகம்.

சதவீதத்தைவிட முக்கியமானது, அந்தத் தாளில் எழுதியிருக்கும் பெயர். இதைப் பலர் கவனிப்பதில்லை. நாங்களும் கவனிக்கவில்லை. பையனுக்கு முதலில் கிடைத்த சான்றில் 'உடல் இயக்கக் குறைபாடு, 60 சதவீதம்' என்று மட்டும் போட்டிருந்தார்கள். தப்பு என்று சொல்ல முடியாது. சட்டத்தின் பட்டியலிலேயே மூளை முடக்குவாதம் உடல் இயக்கக் குறைபாடு என்ற தலைப்பின் கீழ்தான் வருகிறது. ஆனால் அந்த ஒரு வரியால் இரண்டு கதவுகள் சாத்திக்கொண்டன. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும்தான். சான்றில் அந்தச் சொல் இல்லையென்றால் விண்ணப்பம் நகராது. அடுத்தது மாநிலப் பராமரிப்புத் தொகை. அறிவுசார் குறைபாடு என்றால் 40 சதவீதமே போதும். கை கால் குறைபாடு மட்டும் என்றால் 75 வேண்டும். பையனுக்கு அறிவு வளர்ச்சியிலும் தாமதம் இருந்தது, அதை யாரும் அளந்து பார்க்கவில்லை. "அறுபது போட்டுக் குடுத்தாங்களேடா, நாப்பதுக்கு மேலதானே, அப்புறம் இன்னா?" என்று அக்கா என்னிடம் கேட்டாள். மறுபடி மனு, மறுபடி மனநல மருத்துவரின் சோதனை, மறுபடி குழு. ஒன்றரை வருஷம் போயிற்று. போன மாசங்களின் தொகை போனதுதான். பராமரிப்புத் தொகையைப் பின்தேதியிட்டு யாரும் தரவில்லை.

ஆகவே முகாமுக்கோ மருத்துவமனைக்கோ போகும் பெற்றோர், கையில் சான்று வந்ததும் சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன் குறைபாட்டின் பெயரைப் படியுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு இருந்தால் எல்லாவற்றையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உரிமை.

வேலூரில் இருப்பவர்களுக்கு இன்னொரு குழப்பம். பாகாயத்திலும் ஆற்காடு சாலையிலும் நாடே தேடி வரும் பெரிய தனியார் மருத்துவமனை இருக்கிறது. அங்கே பத்துப் பக்கத்துக்கு அறிக்கை எழுதித் தருகிறார்கள், பிறகு ஏன் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரிக்கும் போகவேண்டும் என்று கேட்பார்கள். தனியார் அறிக்கை எவ்வளவு கனமானதாக இருந்தாலும் அது ஆதாரம்தான். சான்று, அரசு அறிவித்த மருத்துவ அதிகாரியிடமிருந்து வரவேண்டும். அதிலிருந்துதான் யூடிஐடி என்னும் தனித்துவ அடையாள அட்டை பிறக்கிறது. 2024 அக்டோபரில் திருத்திய விதிகளின்படி 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம் என்று அட்டையின் பட்டை நிறம் மாறும். சின்னக் குழந்தைகளுக்குத் தற்காலிகச் சான்றுதான் தருவார்கள். கற்றல் குறைபாட்டுக்கு 8 வயதில்தான் முதல் சான்று, அப்புறம் 14-லும் 18-லும் மறு சோதனை. காலாவதித் தேதியை மறந்துவிட்டால் உதவித்தொகையும் நின்றுவிடும்.

இந்த அட்டை இந்தியா முழுக்கச் செல்லும், ஆனால் மாதப் பணம் சொந்த மாநிலத்திலிருந்துதான். சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து லாட்ஜில் மாசக்கணக்கில் தங்கியிருக்கும் குடும்பங்கள் இதை இங்கே விசாரித்து ஏமாறுவதைப் பார்த்திருக்கிறேன். நமக்கும் இதில் உள்ளூர்ச் சிக்கல் ஒன்று உண்டு. பழைய வட ஆற்காடு 1989-ல் இரண்டாகப் பிரிந்தது. வேலூர் மாவட்டம் 2019 நவம்பரில் மூன்றாயிற்று. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு இப்போது திருப்பத்தூர் அலுவலகம், ஆற்காடு, வாலாஜா, அரக்கோணத்துக்கு ராணிப்பேட்டை. பழைய அடையாளப் புத்தகத்தில் 'வேலூர்' என்று இருக்கிறதே என்று வேலூர் கலெக்டர் ஆபீஸ் இருக்கும் சத்துவாச்சாரிக்கு பஸ் ஏறாதீர்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். முதலில் ஒரு வேடிக்கை. மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 18 வயது நிரம்பி, 80 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாட்டோடு, வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும். அதில் டெல்லியின் பங்கு மாதம் 300 ரூபாய். குழந்தைக்கு அதில் ஒன்றும் கிடையாது. குழந்தைக்கு மாதாமாதம் கிடைப்பது தமிழ்நாடு மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2000 ரூபாய். அறிவுசார் குறைபாடு, கடும் பாதிப்பு, தசைச் சிதைவு நோய் போன்றவற்றுக்கு இது. வருவாய்த்துறை வழியாக வரும் ஓய்வூதியம் வேறு. 2023 ஜனவரியில் அதை 1000-லிருந்து 1500 ஆக்கினார்கள். இரண்டையும் ஒருவரே வாங்க முடியாது. தாலுகா ஆபீசில் மனு கொடுத்துவிட்டு நலத்துறைப் பணத்துக்குக் காத்திருப்பவர்கள் உண்டு, அதனால் எந்த மனு எந்த ஆபீசில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளை பராமரிப்புத் தொகை வாங்குகிறான் என்ற ஒரே காரணத்தால் அம்மாவின் மகளிர் உரிமைத் தொகை போய்விடாது. விதியில் அதற்கு விலக்கு இருக்கிறது. யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

2000 ரூபாய் என்பது எவ்வளவு? 2025-ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் வைத்த கூலி நாளுக்கு 336 ரூபாய். ஆக, ஆறு நாள் கூலி. இப்போது இந்தப் பக்கம் ஒரு கணக்கு. பிள்ளைக்கு வாரம் இரண்டு நாள் பிசியோதெரபி என்று வைத்துக்கொள்வோம். பேரணாம்பட்டிலிருந்தோ ஒடுகத்தூரிலிருந்தோ கிளம்பி வேலூர் வந்து, வரிசையில் நின்று, அரை மணி நேரப் பயிற்சி முடித்துத் திரும்பினால் பொழுது சாய்ந்துவிடும். மாதத்தில் எட்டு நாள் கூலி போச்சு, 2688 ரூபாய். உதவித்தொகை, போன கூலியையே ஈடுகட்டவில்லை. பீடி சுற்றும் அம்மாவுக்கு வேறு மாதிரி. அவள் வீட்டிலேயே இருந்தாலும் பிள்ளைக்கு ஊட்டவும் துடைக்கவும் தூக்கவும் போக மிஞ்சிய நேரத்தில் முறத்தை மடியில் வைத்தால் சுற்ற முடிவது பாதிதான். அரசின் எல்லாத் திட்டங்களும் குழந்தையின் உடம்பை அளக்கின்றன. அம்மாவின் வேலை நாளை அளக்கும் திட்டம் அநேகமாக இல்லை. எனக்கு இதில் இருக்கும் பெரிய குறை இதுதான்.

எனவே கையில் வரும் காசைவிட, பயணத்தை மிச்சப்படுத்தும் உதவிதான் உண்மையில் பெரிய உதவி. ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவரும் இருப்பார்கள். பள்ளிக்கு வரவே முடியாத குழந்தைக்கு வீட்டுக்கே வந்து சொல்லித்தரும் ஏற்பாடு உண்டு. வரக்கூடிய குழந்தைக்குப் போக்குவரத்துப் படி, கூட வருபவருக்குப் பாதுகாவலர் படி உண்டு. பெண் குழந்தை என்றால் மாதம் 200 ரூபாய் வீதம் வருஷத்தில் 10 மாதத்துக்குத் தனி ஊக்கத்தொகை. சின்னத் தொகைதான், விண்ணப்பமும் பள்ளித் தலைமையாசிரியர் வழியாகத்தான் போகிறது, ஆனால் கேட்காத வீட்டுக்கு அதுவும் வராது. அணைக்கட்டு ஒன்றியத்தில் பீஞ்சமந்தை மாதிரி மலை ஊராட்சிகளுக்கு இந்த 'வீட்டுக்கே வரும்' ஏற்பாடு எவ்வளவு தூரம் ஏறுகிறது என்பதை அந்த மலைப் பாதையில் ஒரு தடவை போனவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இன்னொரு வழி, அம்மாவுக்கே பயிற்சி கொடுப்பது. பாகாயம் மனநல மையத்தில் உள்ள நம்பிக்கை நிலையத்தில் பெற்றோரும் குழந்தையும் சில வாரம் தங்கி, வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று கற்றுக்கொண்டு போகும் முறையைப் பல வருஷமாக நடத்துகிறார்கள். அது பண உதவி இல்லை. ஆனால் தினமும் வேலூருக்கு வரவேண்டியதில்லை என்றால் அதுவும் பணம்தானே.

நிராமயாவைப் பற்றி இரண்டு வார்த்தை. வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. சேர வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 250, மற்றவர்களுக்கு 500 ரூபாய். முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது, வயது வரம்பும் கிடையாது. தனியார் காப்பீட்டு நிறுவனத்தில் 'மூளை முடக்குவாதம்' என்று சொன்னதும் முகவர் நழுவுவாரே, அந்தக் கதை இங்கே இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் என்றில்லை, தெரபிக்கும் மருந்துக்கும் தனித்தனி உச்சவரம்போடு பணம் திரும்பக் கிடைக்கும். முதலில் நாம் கட்டிவிட்டுப் பில்லைக் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும் என்பதுதான் ஏழைக்குக் கஷ்டம். மார்ச் 31-ஓடு முடியும், வருஷாவருஷம் புதுப்பிக்க வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் வேறு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சைகளுக்கு. காது கேளாத குழந்தைக்கு, காதுக்குள் பொருத்தும் கருவியான காக்ளியர் இம்ப்ளான்ட் அதில் உண்டு, ஆனால் 6 வயதுக்குள் செய்ய வேண்டும். "போகப் போகப் பேசுவான், அவங்க தாத்தாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தால் அந்தக் கதவு மூடிவிடும்.

இனி யாரும் சொல்லித்தராத பகுதி. நம் மாவட்டங்களில் எத்தனை வீட்டில் அப்பாவோ அம்மாவோ ஷூ கம்பெனியிலும் தோல் பதனிடும் ஆலையிலும் வேலை செய்கிறார்கள்! அவர்கள் சம்பளத்தில் மாதாமாதம் இஎஸ்ஐ, பிஎஃப் பிடிக்கிறார்கள். இஎஸ்ஐ சட்டத்தில் 'குடும்பம்' என்பதற்குள், உடல் அல்லது மனக் குறைபாட்டால் தொழிலாளியின் வருமானத்தையே நம்பியிருக்கும் பிள்ளை, அந்தக் குறை இருக்கும் வரைக்கும் வயது வரம்பின்றி வரும். 25 வயதானாலும் 40 வயதானாலும் அந்தப் பிள்ளைக்கு இஎஸ்ஐ மருத்துவம் உண்டு. ஆனால் பெயரைப் பதிவு செய்யும்போது குறைபாட்டைக் குறிப்பிட்டிருக்க வேண்டும். பிஎஃப்போடு சேர்ந்த 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டம் இன்னும் முக்கியம். தொழிலாளி இறந்துபோனால் சாதாரணமாகப் பிள்ளைகளுக்கு 25 வயது வரைதான் ஓய்வூதியம். நிரந்தரமாக, முழுமையாகக் குறைபாடுள்ள பிள்ளைக்கு வயது கணக்கே இல்லை, ஆயுள் முழுக்க வரும். பத்து வருஷம் தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், பத்தில் ஒன்பது பேருக்குத் தெரியாது. எனக்கும் அக்கா வீட்டுக்காரர் வேலையை விட்டுவிட்டு பிஎஃப் பணத்தை முழுசாக எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது. ஓய்வூதியப் பகுதியையும் சேர்த்து எடுத்துவிட்டால் இந்த உரிமை போய்விடும். மாமாவைத் தடுத்து நிறுத்த ஒரு ராத்திரி முழுக்கப் பேச வேண்டியிருந்தது.

ராணுவக் குடும்பங்களுக்கும் இதே கதைதான். கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போனவர் என்பார்கள், அந்த ஊருக்கே ராணுவப்பேட்டை என்று பெயர். முன்னாள் ராணுவத்தினர், மத்திய அரசு ஊழியர்கள் இவர்களின் மாற்றுத்திறனுள்ள பிள்ளை சொந்தமாகச் சம்பாதிக்க முடியாத நிலையில் இருந்தால், அப்பா அம்மாவுக்குப் பிறகு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் பெறலாம். அப்பா உயிரோடு இருக்கும்போதே பிள்ளையின் பெயரை ஓய்வூதிய ஆணையில் சேர்த்துவிட வேண்டும் என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். பெற்றோர் இருவரும் போன பிறகு சித்தப்பாவோ அத்தையோ அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக நடப்பதைவிட, இன்று ஒரு மனு கொடுப்பது சுலபம். முன்னாள் ராணுவத்தினரின் மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ்ஸிலும் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வயது வரம்பு இல்லை.

வருமான வரி கட்டுகிறவர்களுக்கு மாற்றுத்திறனுள்ள பிள்ளைக்காக ஒரு கழிவு இருக்கிறது, 1961-ஆம் ஆண்டு வரிச் சட்டத்தில் அதற்கு 80டிடி பிரிவு என்று பெயர். 40 சதவீதக் குறைபாட்டுக்கு 75,000 ரூபாயும், 80-க்கும் அதற்கு மேலும் 1,25,000 ரூபாயும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். எவ்வளவு செலவு செய்தீர்கள் என்ற கேள்வி இல்லை, முழுத் தொகையும் கழியும். பழைய வரி முறையில் மட்டும்தான். இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். 30 சதவீத வரி கட்டும் அதிகாரியின் பிள்ளைக்கு 80 சதவீதக் குறைபாடு என்றால் அவருக்கு மிச்சமாவது, செஸ்ஸோடு சேர்த்து, வருஷத்துக்கு 39,000 ரூபாய். அதே குறைபாடுள்ள பீடித் தொழிலாளியின் பிள்ளைக்கு அரசு தருவது வருஷத்துக்கு 24,000. யாரும் திட்டமிட்டு இப்படிச் செய்யவில்லை. வாய்க்கால்கள் தனித்தனியாக ஓடினால் மேட்டுக்கும் தண்ணீர் ஏறிவிடுகிறது, அவ்வளவுதான்.

பயணச் சலுகையைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். சாதாரண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் கூட வரும் ஒருவருக்கும் 2021-லிருந்து கட்டணம் இல்லை. வெளியூர்ப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்குக் கால் கட்டணம். ரயிலில் துணையின்றிப் பயணிக்க முடியாதவர்களுக்கு இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசியில் 75 சதவீதம் தள்ளுபடி, துணைக்கு வருபவருக்கும் அதே அளவு. இங்கேயும் பெயர்ச் சிக்கல் வரும். ரயில்வே பட்டியலில் அறிவுசார் குறைபாடு இருக்கிறது, ஆட்டிசம் என்ற சொல் இல்லை. சான்றில் ஆட்டிசம் மட்டும் இருந்தால் சலுகை அட்டை வாங்குவது கஷ்டம். சென்னை முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுள்ளவர்களுக்காக இருக்கும் தேசிய நிறுவனத்துக்குக் காட்பாடியிலிருந்து மாதாமாதம் போய் வருகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கடைசியாக வயது. குழந்தையின் ஆதாரில் கைரேகையும் கருவிழியும் 5 வயதிலும் 15 வயதிலும் புதுப்பிக்க வேண்டும். அசையாமல் உட்கார முடியாத பிள்ளையை அந்தக் கருவி முன் உட்கார வைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று பெற்றவர்களுக்குத்தான் தெரியும். கைரேகையோ கருவிழியோ எடுக்கவே முடியாதவர்களுக்கு விதிவிலக்கு முறையில் பதிவு செய்ய வழி இருக்கிறது, ஆதார் மையத்தில் 'முடியாது' என்றால் அதைச் சொல்லிக் கேட்க வேண்டும். புதுப்பிக்காமல் விட்டு ஆதார் முடங்கினால் வங்கிக்கு வரும் தொகையும் தொங்கும்.

18 வயதானால் இன்னொன்று. சட்டப்படி பிள்ளை பெரியவன் ஆகிவிடுகிறான். அம்மா என்பதால் மட்டும் அவன் வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போட முடியாது. நிராமயாவில் சொன்ன அதே நான்கு குறைபாடுகளுக்கு, 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு பெற்றோரையோ உறவினரையோ சட்டப் பாதுகாவலராக நியமிக்கும். கோர்ட்டுக்குப் போக வேண்டாம், வக்கீல் ஃபீஸ் இல்லை. அந்த உத்தரவு இல்லாமல் போய் வங்கி கவுண்டரில் தகராறு செய்வதில் அர்த்தமில்லை, அங்கே உட்கார்ந்திருப்பவருக்கும் வேறு வழி தெரியாது.

அக்கா இப்போது மஞ்சள் பையின் மேலேயே பால்பாயின்ட் பேனாவால் எழுதி வைத்திருக்கிறாள்: 'மார்ச் – நிராமயா. 15 வயசு – ஆதார். 18 – கலெக்டர் ஆபீஸ்.' போன மாசம் பையைத் துவைக்கும்போது எழுத்து அழிந்துவிட்டது. அப்படியே அதே இடத்தில் மறுபடி எழுதியிருக்கிறாள், இந்தத் தடவை மார்க்கரில்.